லொஃப்டா, எக்ஸ்டென்ஷனா? முதலில் அந்த ஒரு பக்கக் கொட்டேஷன்

கேள்வி:

வணக்கம் அண்ணா. ஹரோவில் 1930களில் கட்டிய மூன்று அறை செமி வீடு (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. வயது எழுபத்தைந்து, இரண்டு முழங்காலிலும் ஆர்த்ரைட்டிஸ், படி ஏறுவது வரவரக் கஷ்டம். முன்னறையை மாமிக்குப் படுக்கையறையாக்கி, பின்பக்கம் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் எக்ஸ்டென்ஷன் போட்டுக் குசினியைப் பெரிதாக்கி, நடுவில் மாமிக்கு ஒரு ஷவர் அறை எடுக்க விருப்பம். மேலே கூரைக்கடியில் லொஃப்டில் பிள்ளைகளுக்கு ஒரு அறையும் பாத்ரூமும். சேமிப்பு 70,000 பவுண். ரீமோர்ட்கேஜில் 50,000 எடுக்கலாம் என்று வங்கி சொல்கிறது. கணவரின் சொந்தக்காரர் மூலம் வந்த பில்டர் இரண்டையும் 95,000க்கு முடித்துத் தருவதாகக் கொட்டேஷன் தந்திருக்கிறார். 30 வீதம் முற்பணம் கேட்கிறார். காசாகத் தந்தால் வற் வரி இல்லையாம். குறைந்தால் சீட்டு ஒன்றை எடுக்கலாம் என்று இவர் சொல்கிறார். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யலாமா? குசினிக் கடையில் இப்போது சேல் நடக்கிறது, அலுமாரிகளை வாங்கி வைக்கட்டா? கொட்டேஷனையும் பின் முற்றத்துப் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன்.

– ஹரோ வாசகி

பதில்:

வணக்கம் தங்கச்சி. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை முதலில் பார்ப்போம். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

மொத்தம் ஏழு வரி. எக்ஸ்டென்ஷன், லொஃப்ட், ஸ்டீல், மின்சாரமும் பிளம்பிங்கும், பிளாஸ்டரும் பெயின்ட்டும், குசினிக்கு 4,000 பவுண் ‘பி.சி. சம்’, குப்பை அகற்றல். கடைசி வரிக்குக் கீழே சின்ன எழுத்தில், விலையில் வற் சேரவில்லை என்று இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 95,000க்கு 20 வீதம் வற் 19,000. ஆக விலை 114,000. கடனையும் சேர்த்து உங்களிடம் இருப்பது 120,000. மிச்சம் 6,000 பவுணுக்குள் படம் கீறுபவர், ஸ்ட்ரக்சரல் என்ஜினியர், பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிப்படி வேலை நடக்கிறதா என்ற சோதனை), பார்ட்டி வோல் (அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவர்) சர்வேயர், தரை, டைல்ஸ், பாத்ரூம் சாமான், எதிர்பாராத செலவு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது.

அந்த ‘பி.சி. சம்’ என்பதும் விலை அல்ல. பில்டர் கணக்குக்காக ஒரு தொகையைப் போட்டு வைக்கிறார். நீங்கள் தெரிவு செய்யும் குசினி 11,000 என்றால் மேலதிக 7,000மும் உங்கள் தலையில்தான். கொட்டேஷனை மலிவாகக் காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அடுப்பு, ஹூட், கல்லு மேடை, பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 4,000க்குள் குசினி போட்டவரை எனக்குத் தெரியாது.

‘காசாகத் தந்தால் வற் இல்லை’ என்ற கதைக்கு வருவோம். 2024 ஏப்ரலில் இருந்து, பன்னிரண்டு மாதத்தில் 90,000 பவுணுக்கு மேல் வியாபாரம் செய்பவர் கட்டாயம் வற் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு வேலை ஒன்றே 95,000. இந்த ஒரு வேலையே அவரை எல்லை தாண்ட வைக்கிறது. அவர் பதிவு செய்யாதவர் என்றால் அது அவருடைய பிரச்சினை. பதிவு செய்தவர் என்றால் உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார். எப்படியோ, ரசீது இல்லாத காசுக்கு நாளைக்குக் கூரை ஒழுகினால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? அதோடு, மாமியின் ஷவர் அறையில் உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய ஒரு வற் சலுகையும் அந்தக் காசு வழியில் போய்விடும். அதைக் கீழே சொல்கிறேன்.

என் கணக்கு இது. லண்டனின் இந்தப் பக்கத்தில் சாதாரணத் தரத்தில் ஒரு மாடி எக்ஸ்டென்ஷனுக்குச் சதுர மீட்டருக்கு 2,800 பவுண் வைக்கிறேன். 18 சதுர மீட்டருக்கு 50,400. வற்றோடு கிட்டத்தட்ட 60,500. செமி வீட்டின் சாய்ந்த பக்கக் கூரையைச் சுவராக நிமிர்த்தி, பின்னால் டோர்மர் (கூரையில் இருந்து வெளியே நீட்டிய பகுதி) போட்டு, பாத்ரூமோடு லொஃப்ட் எடுக்க வற்றோடு சுமார் 70,000. குசினி 12,000. கீழ் ஷவர் அறை 8,000. படம், என்ஜினியர், அனுமதிகள், பார்ட்டி வோல் சேர்த்து 8,500. தரை, பாய்லர் மாற்றம், உடைந்துபோகும் பின் முற்றம் என்று ஒரு 6,000. இதுவே 165,000. பழைய வீடு என்பதால் கையில் குறைந்தது 10 வீதமாவது எதிர்பாராத செலவுக்கு வேண்டும். அப்போது 180,000ஐத் தொட்டுவிடும்.

ஒரு பில்டர் என்னுடைய தொகையைவிடக் குறைவாகச் செய்யலாம், செய்வார்கள். ஆனால் 60,000 பவுண் இடைவெளி பேரம் பேசி மூடுகிற இடைவெளி இல்லை. சீட்டு எடுத்து மூடுகிற இடைவெளியும் இல்லை. 10,000 பவுண் சீட்டை அவசரத்துக்கு 2,000 கழித்து எடுத்தால் கையில் வருவது 8,000. பிறகு மாதாமாதம் சீட்டுக் காசு, மேலே மோர்ட்கேஜ் காசு, நடுவில் பில்டரின் அடுத்த கட்டப் பணம். கட்டட வேலை நடக்கும் வீட்டில் இந்த மூன்றும் ஒரே கிழமையில் வந்து நிற்கும்.

ஆகவே என் பதில்: இரண்டையும் இப்போதே வரையுங்கள், ஒன்றை மட்டும் இப்போது கட்டுங்கள். அது கீழ் எக்ஸ்டென்ஷன்.

லொஃப்டை முதலில் செய்யத்தான் பலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வேலை வெளியே ஸ்காஃபோல்டிங் வழியாக நடக்கும், படி வெட்டும் வரைக்கும் வீட்டுக்குள் தூசி குறைவு, குசினி உடையாது. ஆனால் உங்கள் வீட்டில் அவசரம் பிள்ளைகளின் அறை இல்லை, மாமியின் முழங்கால். லொஃப்ட் எடுத்தால் மாமி இன்னும் இரண்டு மூன்று வருடம் அதே படியில் ஏறி இறங்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷனை மட்டும் எடுத்தால் கணக்கு இப்படி நிற்கும்: கட்டடம் 60,500, குசினி 12,000, ஷவர் 8,000, கட்டணங்கள் 7,000, மற்றவை 4,000. மொத்தம் 91,500. 12 வீதம் எதிர்பாராததற்கு, 11,000. ஏறக்குறைய 102,500. 70,000 சேமிப்பு இருக்கும்போது 33,000 கடன் போதும். 50,000 தருகிறார்கள் என்பதற்காக 50,000 எடுக்க வேண்டாம். 5 வீத வட்டி, 25 வருடம் என்று வைத்தால் 50,000க்கு மாதம் 292 பவுண். 33,000க்கு 193 பவுண். அந்த வித்தியாசத்தை மாதாமாதம் ஒதுக்கினாலே லொஃப்டுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

‘இரண்டையும் வரையுங்கள்’ என்று ஏன் சொல்கிறேன்? ஒன்றைக் கட்டும்போது மற்றதைக் கெடுத்துவிடலாம். உங்கள் பில்டர் கீழே ஹோல்வேச் (நடைவழி) சுவரை எடுத்துவிட்டு, படியில் இருந்து குசினி வரை ஒரே வெளியாக விடலாம் என்று கொட்டேஷனின் பின்பக்கத்தில் பேனாவால் கீறியிருக்கிறார். பார்க்க வடிவாக இருக்கும். இரண்டு மாடி வீடாக இருக்கும்வரை அதில் பெரிய சிக்கலும் இல்லை. ஆனால் லொஃப்ட் எடுத்த அன்றைக்கு வீடு மூன்று மாடி. மேலே படுத்திருக்கும் பிள்ளை இரவில் தீ வந்தால் படியால் இறங்கி நேரே முன்வாசலுக்கு வர வேண்டும். அந்த வழி முழுக்கச் சுவராலும் தீ தாங்கும் கதவாலும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று பில்டிங் ரெகுலேஷன்ஸ் கேட்கும். படி குசினிக்குள் திறந்து நின்றால் அந்த வழி இல்லை. பிறகு ஸ்பிரிங்க்ளர் அல்லது மிஸ்ட் முறை என்று ஆயிரக்கணக்கில் போகும், அல்லது இன்று காசு கொடுத்து உடைத்த சுவரை நாளைக்குக் காசு கொடுத்துக் கட்ட வேண்டும். அந்தச் சுவரைத் தொட வேண்டாம். நம் வீடுகளில் பொரியல் வாசம் மேல் அறை உடுப்பு வரை போகாமல் இருக்கவும் அது உதவும், அது வேறு கதை.

இரண்டாவது ஸ்டீல். பின்சுவரை எடுத்து எக்ஸ்டென்ஷனோடு சேர்க்கும் இடத்தில் மேல் சுவரைத் தாங்க ஒரு ஸ்டீல் பீம் வரும். என்ஜினியர் இன்றைய கூரைக்கு மட்டும் கணக்குப் போட்டால் அதற்கேற்ற பீம்தான் வரும். நாளைக்கு அதே சுவரின் மேல் டோர்மரும் லொஃப்ட் தரையும் உட்காரும்போது அந்தப் பீம் போதுமா என்று கேள்வி வரும். முடிந்த குசினிச் சீலிங்கைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ‘லொஃப்ட் வரப்போகிறது, அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்’ என்று இப்போதே சொன்னால் சற்றுக் கனமான பீம், சில நூறு பவுண் வித்தியாசம், அவ்வளவுதான். மேல் பாத்ரூமின் கழிவுக் குழாய் எந்தப் பக்கத்தால் இறங்கும், பாய்லர் இரண்டு ஷவரைத் தாங்குமா என்பதையும் அதே படத்தில் தீர்த்துவிடுங்கள்.

படம் கீறுவதற்கு முன் ஒரு டேப்போடு லொஃப்டுக்குள் ஏறி, தரை மரத்தின் மேல்விளிம்பில் இருந்து கூரை உச்சி மரத்தின் அடிவரை அளந்து பாருங்கள். 2.2 மீட்டருக்குக் குறைந்தால் லொஃப்ட் கணக்கே மாறும். 1930கள் வீட்டில் பொதுவாக உயரம் இருக்கும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செமி வீட்டில் பின்பக்கம் 3 மீட்டர் வரை ஒரு மாடி எக்ஸ்டென்ஷனும், 50 கன மீட்டர் வரை லொஃப்டும், மற்ற விதிகளுக்குள் நின்றால், பிளானிங் விண்ணப்பம் இல்லாமலே பெர்மிட்டட் டெவலப்மென்டில் வரும். கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் (பழைய தோற்றம் காக்கப்படும் பகுதி) இருக்கிறீர்களா என்று மட்டும் கவுன்சில் தளத்தில் பாருங்கள்; ஹரோவில் அவை நிறைய. அனுமதி தேவையில்லை என்றாலும், வேலை சட்டப்படியானது என்று கவுன்சில் தரும் ‘லோஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்’ எடுத்து வையுங்கள். பிளானிங் கட்டணத்தில் பாதி. 2025 ஏப்ரல் கட்டணப்படி 264 பவுண். வீடு விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் முதல் தாள்களில் அது ஒன்று. பில்டிங் கன்ட்ரோல் வேறு விஷயம், அது கட்டாயம்.

1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் சட்டத்தைப் பில்டர் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவரில் கை வைக்க இரண்டு மாதம், அவர்கள் அத்திவாரத்துக்கு 3 மீட்டருக்குள் அதைவிட ஆழமாகத் தோண்ட ஒரு மாதம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். 14 நாளுக்குள் அவர்கள் எழுதிச் சம்மதிக்காவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சர்வேயர் செலவு பெரும்பாலும் உங்களுடையது. கடிதம் கதவு இடுக்கால் விழுவதற்கு முன் நீங்களே போய், படத்தைக் காட்டி, எத்தனை மாதம் சத்தம் இருக்கும் என்று கதைத்துவிட்டு வாருங்கள். முன்கூட்டியே சொன்ன வீடுகளில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கையெழுத்து வராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சர்வேயரை வைக்கக் கேளுங்கள், செலவு குறையும்.

இனி அத்திவாரம். கொட்டேஷனில் ஆழமே இல்லை. 1 மீட்டர் என்று அவர் மனதில் வைத்திருப்பார். லண்டனின் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் ஊதும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் மோசம். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓக் மரம் தெரிகிறது. குழியைப் பார்த்துவிட்டு பில்டிங் இன்ஸ்பெக்டர் 2 மீட்டர் போ என்றால் போகத்தான் வேண்டும். மூன்று பக்கமும் சேர்த்து 12 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், கூட ஒரு மீட்டர் ஆழம்: 7 கன மீட்டருக்கு மேல் கொங்கிறீட். தோண்டிய மண் வெளியே வந்ததும் பொங்கி 9, 10 கன மீட்டராகும். 8 யார்ட் ஸ்கிப் (மண், குப்பை ஏற்றும் இரும்புத் தொட்டி) ஒன்றில் 6 கன மீட்டர்தான் கொள்ளும். இரண்டு ஸ்கிப், குழி சரியாமல் தடுப்பு, கூலி எல்லாம் சேர்த்து 3,000, 4,000 பவுண் மண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் 11,000ஐத் தனியாக வைக்கச் சொன்னேன். வேலை தொடங்க முன்பே ஒரு சோதனைக் குழி தோண்டச் சொல்லுங்கள். ஆழம் கூடினால் மீட்டருக்கு என்ன விலை என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். குழி திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது.

பின் முற்றத்தில் இரும்பு மூடி ஒன்றும் தெரிகிறது. அடுத்த வீட்டின் கழிவும் அதே குழாயில் போகிறது என்றால், 2011 அக்டோபரில் இருந்து அது கழிவுநீர் நிறுவனமான தேம்ஸ் வோட்டரின் குழாய். அதற்கு 3 மீட்டருக்குள் கட்ட அவர்களின் சம்மதம் வேண்டும். அதை விட்டுவிட்டுக் கட்டினால் பில்டிங் கன்ட்ரோலில் மாட்டும்.

மாமியின் ஷவருக்கு வருகிறேன். வயது மட்டும் காரணம் என்றால் இல்லை; ஆனால் நாள்பட்ட நோயால் அன்றாட நடமாட்டம் பாதிக்கப்பட்டவருக்கு, அவர் வசிக்கும் வீட்டில் தேவைக்கேற்ப ஷவர் அறை அமைத்தால் அந்தப் பகுதிக்கு வற் பூச்சியம். மாமி ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டு, வற் பதிவுள்ள பில்டரிடம் கொடுக்க வேண்டும். 8,000இல் ஏறக்குறைய 1,300 பவுண் மிச்சம். முழு எக்ஸ்டென்ஷனையும் இதற்குள் தள்ளப் பார்க்காதீர்கள், நிற்காது. ஷவர் வேலையைத் தனி விலையாகக் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், உடல் இயலாதவருக்கேற்ப வீட்டை மாற்றக் கவுன்சில் தரும் உதவிப்பணம், ‘டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட்’. இங்கிலாந்தில் உச்சவரம்பு 30,000 பவுண். வயது வந்தவருக்கு என்றால் அவருடைய, துணை இருந்தால் துணையுடைய வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள். உங்கள் இருவரின் சம்பளத்தை அல்ல. கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவைக் கூப்பிட்டு ஒக்குப்பேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாட நடமாட்டத் தேவைகளை மதிப்பிடுபவர்) வந்து பார்க்கக் கேளுங்கள். கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது, காத்திருப்பும் நீளலாம். ஆனால் அங்கீகாரம் வர முன் வேலையைத் தொடங்கினால் கிராண்ட் இல்லை. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு பில்டருக்கு அல்ல, கவுன்சிலுக்கு.

30 வீத முற்பணம் 28,500 பவுண். கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் உங்கள் வீட்டு மண்ணில் ஒரு செங்கல்கூட இருக்காது. முடிந்த வேலைக்கே பணம்: அத்திவாரம் முடிந்து சுவர் தரைமட்டம் வந்ததும் ஒரு பங்கு, கூரை போட்டு மழை உள்ளே வராத நிலையில் ஒன்று, வயரும் குழாயும் ஓடியதும் ஒன்று, பிளாஸ்டர் முடிந்ததும் ஒன்று. முழுத்தொகையில் 5 வீதத்தைப் பிடித்து வையுங்கள். வேலை முடிந்து பில்டிங் கன்ட்ரோல் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் பாதி, ஆறு மாதத்தில் வெடிப்பு, ஒழுக்கு எல்லாம் திருத்தியதும் மீதி. தொடக்கத்தில் சாமான் வாங்கச் சிறு தொகை கேட்பது நியாயம், அது சில ஆயிரத்துக்குள் நிற்கட்டும்.

சொந்தக்காரர் மூலம் வந்தவரிடம் ஒப்பந்தம் கேட்டால் மனம் நோகும் என்று உங்கள் கணவர் நினைப்பார். எனக்குத் தெரிந்து, ஒப்பந்தம் இல்லாததால்தான் சொந்தம் நொந்தது. தாளில் எழுதியதால் நொந்த குடும்பம் குறைவு. வீட்டு உரிமையாளருக்கென்றே ஜே.சி.டி. என்ற கட்டட ஒப்பந்த அமைப்பு வெளியிடும் எளிய ஒப்பந்தப் படிவம் இருக்கிறது, வாங்கி நிரப்புங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் வேலை தொடங்க முன் அறிவிக்க வேண்டும். அவர்கள் பில்டரின் பப்ளிக் லயபிலிட்டி (மற்றவருக்கு வரும் சேதத்துக்கான) காப்புறுதியைக் கேட்கலாம். அந்தப் பேச்சோடு ஒப்பந்தத்தையும் கொண்டுவந்தால் கணவருக்கும் சொல்லச் சுலபம்.

அவரையே வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கக் கொட்டேஷன் தந்தவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. பலருக்கு இப்படி எழுதித்தான் பழக்கம். என்ஜினியரின் படத்தோடு அவருக்கும் இன்னும் இருவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்து, வற்றோடு விலை கேளுங்கள். அவர் விவரமாக எழுதித் தந்தால் நல்லது. தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

குசினி அலுமாரியை இப்போது வாங்க வேண்டாம். பிளாஸ்டர் பூசிய பிறகே சரியான அளவு தெரியும். பழைய வீட்டில் எந்த மூலையும் நேராக இருக்காது. பெட்டி பெட்டியாக முன்னறையில் அடுக்கி வைத்தால் மாமிக்கு நடக்க வழியும் இராது. சேல் முடிகிறதே என்று யோசிக்காதீர்கள். அந்தக் கடைகளில் அடுத்த சேல் வரும்.